ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள்

மலை முகாமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, மருந்து விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் வேலைக்கே எடுத்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தராத ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்க்கப்போகும் நோயாளிகள் பொய் சொல்வார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உரத்த குரலில், மிகுந்த மரியாதையோடு பொய் சொல்வார்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு வைத்திருக்கும் மருத்துவத் திட்டம் நல்ல திட்டம். கணவனுக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம், மருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அதற்கும் வழி. கிளினிக் சேலத்தில் இருக்கிறது. மலையில் இருக்கும் வயதானவர்கள் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற முடியாது என்பதால், மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டரும் மருந்துப் பெட்டிகளும் வேனில் ஏற்காட்டுக்கு வருவது வழக்கம். ஒண்டிக்கடை நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு கூடம். நான் மலையிலேயே குடியிருப்பவள் என்பதால் அந்த முகாமின் நர்ஸ் பொறுப்பு எனக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்து போன மாதம் விலகும் வரைக்கும் என்னிடமே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. அதனால் ஆரம்பத்தில் எனக்கு இவர்களைப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. புரிந்த பிறகு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

முதலில் டோக்கன். வருகிற வரிசைப்படி நான் டோக்கன் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்காருவார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் வரிசை மாறியிருக்கும். யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள், யாரும் யாரையும் விரட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் டோக்கன்கள் கைமாறி, சுபேதார் முதலில், அப்புறம் ஹவில்தார்கள், அப்புறம் நாயக்குகள், கடைசியில் சிப்பாய்கள் என்று கச்சிதமாக உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வு பெற்று முப்பது நாற்பது வருடம் ஆன மனிதர்கள். விதவைகள்கூடக் கணவன் என்ன பதவியில் இருந்தானோ அந்த இடத்தில்தான் உட்காருவார்கள். சளிக்கு வந்த சுபேதார் முதலில் போவார். மூச்சு வாங்குகிற சிப்பாய் கடைசியில் இருப்பார்.

இரண்டாவது, சர்க்கரை. முகாமுக்கு முந்தின நாள் பட்டினி கிடப்பார்கள். மாதம் முழுக்கப் பலாப்பழமும் கருப்பட்டிக் காப்பியுமாக இருந்துவிட்டு, ஒரே ஒரு நாள் களியைக்கூடத் தொடாமல் வந்து விரலை நீட்டுவார்கள். அளவு நன்றாக வரும். டாக்டர் "குட்" என்பார். பரீட்சையில் தேறிய மாதிரி முகம் மலரும்.

இதற்கெல்லாம் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சர்வீசில் இருக்கும்போது உடம்பில் கோளாறு என்று தெரிந்தால் மருத்துவ கேட்டகிரியை இறக்கிவிடுவார்களாம். கேட்டகிரி இறங்கினால் பதவி உயர்வு நின்றுபோகும். ஆகவே நோயை மறைப்பதுதான் இவர்களுக்குத் திறமை. அதிலும் எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு கர்னல் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான்: "டீக் ஹை சாப்!" எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா என்று இந்தியில் சொல்வது. கூரை அதிரும்.

இனி சிப்பாய் சடையன் விஷயத்துக்கு வருகிறேன்.

மஞ்சக்குட்டைக்காரர். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. சரிவான நிலத்தில் காப்பியும் மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும் வைத்திருக்கிறார். முகாமுக்கு வரும்போது கறுப்புத் தோல் ஷூவைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக்கொண்டு வருவார். வேட்டிக்குக் கீழே அந்த ஷூ விநோதமாக இருக்கும். பட்டாளத்து அதிகாரி முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது என்பது இவர்கள் எல்லோருக்கும் சட்டம்.

அந்தச் சனிக்கிழமை அவர் முதல் ஜீப்பிலேயே வந்துவிட்டார். நான் மூன்றாம் டோக்கன் கொடுத்தேன். பார்த்தால் கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருக்கிறார்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு மூணு தானே குடுத்தேன்? அங்க என்ன பண்றீங்க?"

"இருக்கட்டுங் சிஸ்டர். சாப்பெல்லாம் மொதல்ல பாத்துக்கட்டும்."

"சாப்புக்கு அப்படி என்ன தலை போற அவசரம்?"

"அத நான் எப்படிங்க கேக்கறது?"

அவருடைய டோக்கன் சுபேதாரின் சட்டைப் பையில் இருந்தது. இந்தச் சுபேதாரை நீங்களும் பார்ப்பீர்கள். ஒண்டிக்கடையில் மிளகு, காப்பித்தூள் கடை வைத்திருக்கிறார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். முகாமில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டவர். அன்று அவர் வந்தது சத்து மாத்திரைக்கு.

"சிஸ்டர், நீங்க ரேசன் கடையாட்ட நடத்தறீங்க" என்றார் என்னிடம். "பட்டாளத்துக்காரனுக்குன்னு ஒரு மொறை இருக்குது."

"இது ஆஸ்பத்திரிங்க. நோவு அதிகமா இருக்கறவங்க மொதல்ல போறதுதான் இங்க மொறை."

"யாருக்கு நோவு? கேட்டுப் பாருங்க. யாருக்காச்சும் நோவு இருக்குதா?" என்று பெஞ்சுகளைப் பார்த்துக் கேட்டார். யாருக்கும் இல்லையாம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நோவே இல்லாத இத்தனை பேர் எதற்காக மழையில் நனைந்துகொண்டு வந்தீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. பிரதான மலைப்பாதையில் பாறை விழுந்து போக்குவரத்து நின்றிருந்தது. வேன் குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். பனிமூட்டம் இறங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று டிரைவர் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சடையனின் முறை வந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதிர்வரிசைக் கடைகள் மறையத் தொடங்கியிருந்தன.

நான் அடுத்த மருந்துப் பெட்டியை எடுக்க வாசலுக்குப் போனேன். படியில் சடையனின் மனைவி பழனியம்மாள் உட்கார்ந்திருந்தார். இந்த மனைவிமார்களுக்கும் வைத்தியம் உண்டு என்று எத்தனை முறை சொன்னாலும், கணவன் உள்ளே இருக்கும்போது அவர்கள் வாசலில்தான் இருப்பார்கள். என் புடவையை லேசாகப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங் சிஸ்டர், ஒரு வார்த்தைங்க. எங்க ஊட்டுக்காரரு ரெண்டு மாசமா சாக்சோடதான் படுக்கறாரு."

"எதுக்குங்க?"

"கேட்டா குளுருங்கறாரு. நாப்பது வருசமா இல்லாத குளுரு இப்பத்தான் வந்துச்சாம்."

"காலப் பாத்தீங்களா?"

"பாக்க உட்டாத்தானுங்க? நாயி மட்டும் அவரு கட்டலுக்குக் கீழயே கெடக்குது. தொரத்துனாலும் போவ மாட்டீங்குது. எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க." அப்புறம் அவசரமாக, "நான் சொன்னன்னு சொல்லீராதீங்க சாமி. அப்பறம் என்ற கூடப் பேசவே மாட்டாரு."

உள்ளே கூரை அதிர்ந்தது. "டீக் ஹை சாப்!"

நான் போவதற்குள் டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்து, அதே மாத்திரை என்று எழுதி முடித்திருந்தார். சடையன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஷூ பாலிஷ் வாசனை வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது. நர்ஸ் வேலையில் ஒரு முறை அந்த வாடையை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது.

"அய்யா, ஷூவக் கழட்டுங்க. காலப் பாக்கோணும்."

"கர்னல் சாப் பாத்துட்டாருங்களே."

"கால் பாக்கலீங்க."

"காலு டீக்கா இருக்குதுங்க." கண் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தது.

"சரியா இருக்குன்னுதானே சொல்றார் சிஸ்டர்" என்றார் டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே. "மூட்டம் இறங்கிடுச்சு. அடுத்த மாசம் பார்ப்போம்." வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

கவனியுங்கள், இந்த இடம்தான் முக்கியம். மனைவி சொன்னதை நான் அங்கே போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் சடையன் இன்னும் விறைத்துக்கொள்வார், அந்த அம்மா இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய காலை நானே பிடித்து இழுத்திருக்கலாம். இத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்தால் வெளியேறிப் போய்விடுவார், திரும்ப வரவே மாட்டார். இவர்களைக் கெஞ்சிப் பயனில்லை, அதட்டிப் பயனில்லை. அதட்டுகிற உரிமை எனக்கில்லை என்பதுதான் விஷயம். எனக்குப் பதவியே கிடையாதே!

பெஞ்சில் காத்திருக்கும்போது இவர்கள் பழைய கதை பேசுவார்கள். நீண்ட தூரம் அணிவகுத்து நடந்து வந்தால், அன்று சாயங்காலம் எல்லோரும் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார வேண்டுமாம். அதிகாரி ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வருவாராம். அது அப்போது நினைவுக்கு வந்தது. மருந்துப் பொட்டலம் கடைசியில்தான் கொடுப்போம் என்பதால் எல்லோரும் இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்கள். டாக்டரின் காதருகே குனிந்தேன்.

"சார், பட்டாளத்துல கால் பாப்பீங்களாமே. அத இப்பச் சொல்லுங்க. எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா? இப்பவா?"

"ஒருத்தருக்கு மட்டும் சொன்னா அவர் கழட்ட மாட்டார் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சடையனின் ஷூவைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரலில், கால் பார்க்கும் அந்த உத்தரவைச் சொன்னார்: "ஃபுட் இன்ஸ்பெக்ஷன்!"

கூடம் முழுக்கக் குனிந்தது. முழங்கால் வலி, இடுப்பு வலி, அறுவை செய்த கண் எல்லாவற்றோடும் குனிந்தார்கள். ஒருவர் குனிய முடியாமல் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஷூக்கள் கழன்றன. சுருங்கியும் வீங்கியும் வெடித்தும் கால்கள் வரிசையாக நீண்டன. சுபேதார் மட்டும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசைக்கு முன்னால் நடந்து, "நகத்த வெட்ட மாட்டியா?" என்று ஒரு நாயக்கைத் திட்டினார். இன்ஸ்பெக்ஷன் என்றால் தான் அதை நடத்த வேண்டியவர் என்பது அவர் எண்ணம். அன்று அந்தக் கூடத்தில் ஷூ கழற்றாத பட்டாளத்துக்காரர் அவர் ஒருவர்தான்.

சடையன் கடைசி. கயிற்றை அவிழ்க்க அவருக்கு நேரமானது. நான் அவசரப்படுத்தவில்லை. சாக்ஸ் காலோடு ஒட்டியிருந்தது. அதை நான் உப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் எடுத்தேன். பெருவிரலுக்குக் கீழே பாதத்தில் ஒரு குழி. அடுத்த விரல் கறுத்திருந்தது.

டாக்டர் தரையில் மண்டியிட்டார். சடையன் காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"தொடாதீங்க சாப். வேண்டாங்க."

"சும்மா உட்காருங்க சடையன். எத்தனை நாளா?"

"வலிக்கலீங்க சாப்."

"அதான் பயமே. சர்க்கரையில கால் மரத்துப் போயிருக்கு. வலிச்சிருந்தா என்கிட்ட வந்திருப்பீங்க."

நான் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவினேன். விரல் நுனியில் சுருக்கென்றது. அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி முனை மேலே நின்றது. வெளியே முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த ஷூ.

பழனியம்மாள் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "எல்லையில அத்தன குண்டுக்குத் தப்பிச்சு வந்தன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவீங்களே" என்றார். "கடைசில ஒரு ஆணிகிட்டப் போயித் தோத்துட்டீங்களா?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சடையன் முதல் முறையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "எங்கூருல ஒருத்தன் வெரலக் காட்டறன்னுதான் சேலம் போனான். முட்டிக்குக் கீழ இல்லாம வந்தான். எம்பட காப்பிச்செடி பூராச் சரிவுல இருக்குதுங்க சாப். காலு இல்லீன்னா நான் எப்படிக் காட்டுக்குப் போறது?"

மறைத்ததற்கு அதுதான் காரணம். காலைக் காப்பாற்றுவதற்காகக் காலை அழுகவிட்டிருந்தார்.

அதோடு முடிந்ததா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நம் கிளினிக் கம்ப்யூட்டர் வழியாக ரெஃபரல் போட வேண்டும். மழையில் நெட்வொர்க் போய்விட்டிருந்தது. "திங்கட்கிழமை காலையில கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க, முதல் ஆளா போட்டுத் தரேன்" என்றார் டாக்டர்.

"திங்கக்கிழமை வரைக்கும் இந்தக் கால் இருக்குமா சார்?"

அவர் சடையனின் காலை மறுபடி குனிந்து பார்த்தார். திட்டத்தில் வழியில்லாமல் இல்லை. அவசரம் என்றால் ரெஃபரல் இல்லாமலே சேர்த்துவிட்டுப் பிறகு தகவல் சொல்லலாம். ஆனால் நடந்து வருகிற ஆளின் விரலை அவசரம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் அவருடைய கவலை. மாரடைப்பு என்றால் யோசிக்க மாட்டார்கள். கால் என்றால் காகிதம் கேட்பார்கள்.

"நீங்களே கூட்டிட்டுப் போய் நில்லுங்க சார்" என்றேன். "காகிதத்தத் திருப்பி அனுப்புவாங்க. கர்னலத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

டாக்டர் பேனாவை எடுத்து, 'அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு சொல்லை எழுதத் துணிந்ததற்காக அவர் மேல் எனக்கிருந்த மற்ற கோபங்களையெல்லாம் விட்டுவிட்டேன்.

வேனில் பின்பக்கம் முழுக்க மருந்துப் பெட்டிகள். கணவனும் மனைவியும் உட்கார டாக்டருக்குப் பக்கத்து இருக்கைதான் இருந்தது. சடையன் கதவருகே நின்றுவிட்டார்.

"நான் பஸ்சுல வந்தர்றனுங்க சாப்."

"எந்த பஸ்ஸுங்க?" என்றேன். "ரோடே இல்ல!"

"அப்படீன்னா ஜீப்புல."

"அய்யா, ஏறுங்க."

"கர்னல் சாப் பக்கத்துல நான் எப்படிங்க உக்கார்றது?"

டாக்டர் சொல்லிப் பார்த்தார். நான் கெஞ்சினேன். பழனியம்மாள் திட்டினார். டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மூட்டம் வேனின் முகப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. அப்போது சுபேதார் குடையை விரித்துக்கொண்டு வந்தார்.

"சடையன்! வண்டியில ஏறு!"

"ஜீ சாப்!"

ஏறிவிட்டார். இத்தனை பேர் சொல்லி நடக்காதது மூன்று சொல்லில் நடந்தது. எனக்கு நன்றி உணர்ச்சி எதுவும் பொங்கவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. சத்து மாத்திரைக்கு வந்து மூன்றாம் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்ட மனிதர் அவர்தானே!

இரண்டு விரல் போயிற்று. கால் தப்பியது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் எங்கே வெட்டியிருப்பார்கள் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நம் டாக்டர் என்னிடம் சொன்னார். நான் அதைப் பழனியம்மாளிடம் சொல்லவில்லை.

அடுத்த முகாமில் நான் டோக்கனையே நிறுத்தினேன். பெஞ்சின் கடைசியிலிருந்து கூப்பிட்டேன். சிப்பாய்கள் முதலில் உள்ளே போனார்கள், சுபேதார் கடைசியில் போனார். எனக்கு மனம் குளிர்ந்தது. அதற்கு அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், பெஞ்சின் கடைசியில் சுபேதார் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஹவில்தார்கள், நாயக்குகள். முதல் இடத்தில் சிப்பாய்கள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே வரிசையைத் திருத்தப் பார்க்காதீர்கள். உங்களால் முடியாது. டாக்டர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் எல்லோரையும் ஷூ கழற்றச் சொல்லிவிடுங்கள். கழற்றிய ஷூவுக்குள் கையை விட்டுப் பாருங்கள். "எப்படி இருக்கீங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். காட்டு வேலைக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், அவர்கள் சொன்னதை எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள் என்று ஒருபோதும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

சடையன் திரும்பி வந்த முகாமைச் சொல்லி முடிக்கிறேன். காலில் திட்டத்தில் கொடுத்த, ஒட்டும் பட்டி வைத்த மெத்தென்ற செருப்பு. அதை மறைக்க வேட்டியை இறக்கிக் கட்டியிருந்தார். செருப்போடு அதிகாரி முன்னால் வந்துவிட்டோமே என்ற வெட்கம் முகத்தில் தெரிந்தது. சரிவுக்குப் போகிறாரா என்று கேட்டேன். "மெதுவாப் போறனுங்க. அவ பின்னாடியே வர்றா, நாயாட்ட" என்றார். பழனியம்மாள் படியிலிருந்து, "யாரு நாயி?" என்றார்.

டாக்டர் உள்ளே வந்ததும் சொன்னார்: "சடையன், இன்னைக்கு ஃபுட் இன்ஸ்பெக்ஷன் நீங்க நடத்துங்க."

"நானுங்களா சாப்?"

"ஆர்டர்."

சடையன் நிமிர்ந்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து தாங்கித் தாங்கி நடந்து, ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். சுபேதார் வழக்கம்போலக் குடையோடு நின்றுகொண்டிருந்தார், ஷூவோடு.

"என்னடா பாக்கற? பாக்கறவன் நானு."

சடையன் அட்டென்ஷனில் நின்றார். "இன்னைக்கு நானுங்க சாப். கர்னல் சாப் ஆர்டருங்க."

சுபேதார் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னல் வழியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபேதார் குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு உட்கார்ந்து, இரண்டு ஷூவையும் கழற்றி வைத்தார்.

"போதுமா?"

"சாக்சையுங்க சாப்."

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனேன்.